சவப்பெட்டி சுமந்த பாடல்

நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி (1938–1997) குருமார் மரபில் தோன்றியவர். அவருடைய பாட்டனார் அருட்திரு ஜே. ஜே. ரான்சம்-குட்டி, யொரூபா மொழிக் கீர்த்தனைகளை 1922இல் இலண்டனில் இசைத்தட்டுகளுக்குப் பாடினார். தந்தையாரும் ஆங்கிலிக்கன் குருவே. பேரனோ ஜாஸ், ஹைலைஃப், யொரூபாத் தாளங்கள் ஆகியவற்றை இணைத்து ‘ஆஃப்ரோபீட்’ இசையை உருவாக்கி, பல மொழியினர்க்கும் பொதுவான பிட்ஜின் ஆங்கிலத்தில் பாடினார்.

படைவீரரின் சிந்தனையற்ற கீழ்ப்படிதலை ‘ஜோம்பி’ (1976) எள்ளி நகையாடிற்று. 1977 பெப்ரவரியில் படையினர் லாகோஸில் அவரது இல்லத்தை எரித்தனர். சன்னல் வழியே எறியப்பட்ட அன்னையார் ஃபுன்மிலாயோ 1978இல் மரித்தார். ஃபெலா ஒரு சவப்பெட்டியை இராணுவ ஆட்சியாளரின் பாசறை வாயிலுக்கே கொண்டு சென்றார். அதனைப் பாடும் ‘காஃபின் ஃபார் ஹெட் ஆஃப் ஸ்டேட்’, கிறிஸ்துவின் பெயரையும் அல்லாவின் பெயரையும் நாவில் ஏந்தித் தீமை செய்வோரைச் சாடுகிறது.

இதனை இறைநிந்தையெனத் தள்ளுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. நீதியற்ற வழிபாட்டின் பாடலைத்தானே ஆமோஸும் கண்டித்தான்? ஆயினும் ஒடுக்குமுறையைக் கண்ட அதே கண், ‘லேடி’ (1972) பாடலில் சமத்துவம் நாடும் பெண்ணை ஏளனமாய் நோக்குகிறது. பெண்ணுரிமைக்குப் போராடிய தாயின் மகனிடத்தில் இது பெருங்குறையே. குறையைக் குறையென்று கூறுவோம். ஆனால் பாட்டனாரின் கீர்த்தனையை உவந்து கேட்ட திருச்சபை, பேரனின் குற்றச்சாட்டுக்கும் செவிகொடுக்கக் கடமைப்பட்டுள்ளது.