ஓதமும் ஓடக்காரனும்

இயற்கையைக் காத்தல் நன்று. ஆயின், அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார்? அமிதவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதி 2004இல் வெளிவந்த ‘தி ஹங்ரி டைட்’ என்னும் புதினத்தின் உயிர்நாடி இவ்வினாவே.

கதைக்களம், வங்கக் கடலோரச் சுந்தரவனத் தீவுகள். அங்குள்ள மரிச்ஜாப்பித் தீவில் குடியேறிய அகதிகளை, அது காப்புக்காடு எனக் கூறி, 1979இல் மேற்கு வங்க அரசு வெளியேற்றியது. அவ்வரலாற்றைக் கதையோடு பின்னியுள்ளார் ஆசிரியர். புலிகளுக்காக மனிதர் மாளலாமா என்று ஏங்கும் குசும் நம் நெஞ்சைச் சுடுகின்றாள்.

அவள் மகன் ஃபோகிர், எழுத்தறியா மீனவன். டால்பின்களை ஆராய அமெரிக்காவிலிருந்து வரும் பியாவுக்கு வழிகாட்டுகின்றான். புயலில் தன் உடலால் அவளைக் காத்து உயிர் துறக்கின்றான். அவன் காட்டிய நீர்வழிகள் அவளது கருவியில் எஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டே, தீவு மீனவரின் துணையோடு ஆய்வைத் தொடர அவள் எண்ணுகின்றாள்.

இங்கேதான் ஒரு குறை தோன்றுகின்றது. ஃபோகிரின் அறிவு போற்றப்படுகின்றது. அவன் குரலோ அரிதாகவே கேட்கின்றது. பியாவுக்கு வங்கமொழி தெரியாது என்பது கதைக்குப் பொருந்தும் காரணமே. ஆயினும், ஏழையைப் பேசவிடாமல் அவனுக்காகத் திட்டம் தீட்டும் உலக வழக்கினின்று புதினமும் முற்றாக விடுபடவில்லை.

2009இல் ‘ஐலா’ப் புயல் இத்தீவுகளின் கரைகளை உடைத்து வயல்களை உவராக்கியது. கடல்மட்டமும் உயர்ந்து வருகின்றது. புவி வெப்பமாவதற்கு மிகக் குறைந்த அளவே காரணமானோர் மிகுதியாக இழக்கின்றனர். ஆதலின், இந்நூலைக் கற்கும் மாணவர் புயலைக் காட்டிலும் ஃபோகிரின் மௌனத்தையே ஆராய்தல் வேண்டும். நிலைத்த வளர்ச்சி என்பது அம்மௌனம் கலையுமிடத்தில்தான் தொடங்கும்.