நாலு எலுமிச்சம்பழம், ஒரு கேள்வி

புதுசாக ஜீப்போ எஸ்.யு.வி.யோ வாங்கினால், நம் ஊரில் முதல் சடங்கு நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம். மாலை, குங்குமம், ஒரு பூசணிக்காய். அப்புறம் வாட்ஸ்அப்பில் போட்டோ. பழம் ஒழுங்காக நசுங்கியதா என்று குனிந்து பார்க்கிறோமே, இன்னும் ஒரு சாண் குனிந்தால் பின்சக்கரங்களுக்கு நடுவே ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதை யாரும் பார்ப்பதில்லை. விளம்பரம் எடுப்பவர்களும் பார்ப்பதில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்து விமர்சனம் எழுதுகிற நம் ஆட்கள் பலரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் புகார்.

அந்த உருண்டைக்குப் பெயர் டிஃபரன்ஷியல். பட்டறையில் கேட்டால் 'கிரவுன்' என்பார்கள், 'ஹவுசிங்' என்பார்கள். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடினால் போதும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். அதனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றட்டும் என்று நடுவே ஒரு பல்சக்கர ஏற்பாடு. 1820-களின் கடைசியிலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக, சமாசாரம் பழசு.

ஆனால் இந்த நல்ல பிள்ளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் விசையைச் சமமாகத்தான் பிரித்துக் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கி வெறுமனே சுற்றினால், அதைச் சுழற்ற எவ்வளவு குறைந்த விசை போதுமோ, அதே அளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் போகும். வண்டி நகராது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம் வழுக்கினால் போதும்; 'ஃபோர் பை ஃபோர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியும் பரிதாபமாக நிற்கும். நாலு பழம் நசுக்கிய வண்டிதான், சார்!

இதற்கு மருந்து 'லாக்'. அதிலும் வகை உண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் டிரைவரே பூட்டலாம். 2020-ல் வந்த மஹிந்திரா தாரில் சில மாடல்களுக்குப் பின்பக்கம் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக் கொடுத்தார்கள். மற்ற மாடல்களிலும், 2023-ல் நம் ஊருக்கு வந்த மாருதி ஜிம்னியிலும், வழுக்கும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி மற்றதுக்கு விசையைத் தள்ளும் எலெக்ட்ரானிக் வித்தை. வேலை செய்யும். ஆனால் நீளமான மணலில் பிரேக் சூடாகும். மூன்றும் ஒன்றல்ல. ஷோரூமில் மூன்றுக்கும் ஒரே வார்த்தைதான்: "பக்கா ஆஃப்-ரோடு சார்!"

இன்னொரு கூத்து: சிட்டியில் 'எஸ்.யு.வி.' என்று உலவுகிற உயரமான வண்டிகளில் ஏராளமானவை முன்சக்கரத்தில் மட்டும் இயங்குபவை. ஹூண்டாய் க்ரெட்டாவைக் குனிந்து பாருங்கள். பின்னால் அந்த உருண்டையே கிடையாது. அது குற்றமில்லை, ரோட்டுக்கு அதுவே போதும். ஆனால் அப்படிப்பட்ட வண்டியை ஆற்றுக்குள்ளும் மலை மேலும் ஓட விடுகிற விளம்பரத்தை என்னவென்று சொல்வது?

சரி, லாக் இருக்கிறது. பலம் இருக்கிறதா? ஒரு சின்னக் கணக்கு. (பி.காம் கணக்குதான், பயப்பட வேண்டாம்.) இன்ஜின் தரும் முறுக்கு விசை 300 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் கியர் அதை 4 மடங்காக்கும். லோ ரேஞ்ச் போட்டால் இன்னொரு 2.5 மடங்கு. கிரவுன்-பினியனில் மேலும் 4 மடங்கு. மொத்தம் 40 மடங்கு, 12,000! பெரும்பாலும் முன்னும் பின்னும் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் முன்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் தவிக்கிற நேரத்தில் ஏறக்குறைய மொத்தமும் பின்பக்கம் வந்து விழும். எண்ணூர் கடற்கரை மணலில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று ஒரு பாறையைக் கவ்வினால், அந்த அடி முழுவதையும் சில பற்கள்தான் தாங்க வேண்டும். 'லுக்'குக்காகப் பெரிய டயர் மாட்டினால் பளு இன்னும் கூடும். லாக் போட்டிருந்தாலோ ஒரு பக்கத்துத் தண்டு மட்டும் முழு விசையையும் சுமக்க நேரலாம். லாக் இருப்பது பாதி. அதைத் தாங்கும் ஆக்ஸில் இருப்பது மீதி.

அந்தக் காலத்தில் இதை ஒளித்துவைக்கவில்லை. வில்லிஸ் சி.ஜே.3பி ஜீப்பில் முன்னால் 'டானா 25', பின்னால் அதைவிடக் கனமான 'டானா 44' என்று ஆக்ஸிலுக்கே பேரும் நம்பரும் உண்டு. இன்றைய கையேட்டில் டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்று இருக்கிறது. கிரவுன் வீல் எத்தனை இன்ச் என்று தேடிப் பாருங்கள்.

வடசென்னையில் இந்த அலட்சியம் செல்லாது. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி எண்ணூரில் வேரூன்றிய அசோக் லேலண்டின் ஊர் இது. ராணுவத்துக்கு 'ஸ்டாலியன்' என்ற ஃபோர் பை ஃபோர் லாரி தந்த கம்பெனி. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டும் சாலையைப் பாருங்கள். பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி. முழு லோடோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிரவுன்-பினியனுக்குத்தான் உச்சகட்டச் சோதனை. அதனால் லாரி வாங்குகிறவர் முதலில் கேட்பது ஆக்ஸிலையும் ரேஷியோவையும். மெத்து சீட்டெல்லாம் அப்புறம். அவருக்கு ஹவுசிங் போனால் டியூ கட்ட முடியாது. பிழைப்பு கேட்கிற கேள்வியைப் பந்தா கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆஃப்-ரோடு பைத்தியங்களின் கவலை என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வீடுகளுக்குள் புகுந்ததே! அப்படிப்பட்ட நாளில் ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உயரமான வண்டிதான் வேண்டும். அந்த வண்டி பாதித் தண்ணீரில் நின்றுவிட்டால்?

போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் கதை முடியாது. ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அது மூச்சுவிட மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு, ப்ரீதர். அது அடைத்திருந்தாலோ தாழ்வாக இருந்தாலோ வெள்ளத்து நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடும். வண்டி அன்றைக்கு ஓடும், அடுத்த வாரமும் ஓடும். உள்ளே பேரிங் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். சில வாரம் கழித்து 'ஊ...' என்று ஒரு ஊளைச் சத்தம். "அண்ணே, தண்ணியில போனதும் ஹவுசிங் ஆயில மாத்தினீங்களா?" என்று மெக்கானிக் கேட்பார். பதில் இருக்காது. சில லிட்டர் ஆயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கிரவுனும் பினியனும் ஜோடியாக மாற்றுவதில் போய் நிற்கும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று இழைத்துத்தான் அனுப்புகிறார்கள். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று சேர்த்தால் அந்தக் கல்யாணம் நிலைக்காது.

வெள்ளத்தில் முங்கிய வண்டி பாலிஷ் போட்டு செகண்ட் ஹேண்டில் வரும்போது, சீட்டை முகர்ந்து பார்க்கிற புத்திசாலிகள் நாம். ஹவுசிங் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு ஆயிலைப் பார்த்தால் இன்னும் நிறைய உண்மை தெரியும்.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. லாக் எந்த வகை? கிரவுன் வீல் என்ன சைஸ்? ப்ரீதர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தண்ணீரில் இறங்கினால் எப்போது ஆயில் மாற்ற வேண்டும்? நாலு வரி. 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று பெருமையாக அச்சடிக்க இடம் இருக்கும் தாளில், போய் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அச்சடிக்கவும் இடம் இருக்கும்.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போனால் சன்ரூஃபைத் திறந்து காட்டுவார்கள். மேலே பார்த்து முடித்ததும், தயவுசெய்து கொஞ்சம் கீழேயும் குனியுங்கள். சேற்றில் மாட்டும்போது உங்களை இழுக்கப்போவது வானமில்லை.