ஈரத்தில் பிடிக்கும் பசை

போலகத்துக்கு வடக்கே, அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் கருங்கல்லில் ஒட்டிய சிப்பியைப் பெயர்த்துப் பாருங்கள். கைக்கு வராது. உளியால் தட்டினாலும் ஒரு பக்க ஓடு கல்லிலேயே தங்கிவிடும். அலை அடிக்க அடிக்க, உப்புநீருக்குள்ளேயே இறுகிய பசை அது! நாம் கடையில் வாங்கும் பசைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈரம் ஆகாது.

உடைந்த எலும்பும் ரத்தம் ஊறும் ஈர இடம்தான். அதனால்தான் அங்கே பசைக்குப் பதில் தகடும் திருகாணியும். மூட்டு மாற்றுச் சிகிச்சையில் மருத்துவர் ஜான் சார்ன்லி பரவலாக்கிய எலும்பு சிமென்ட்கூட உண்மையில் ஒட்டுவதில்லை. இடுக்கை நிரப்பி இறுகுகிறது, அவ்வளவே.

கலிஃபோர்னியக் கரையில், சிப்பியைப் போல ஈரத்திலேயே மணல்துகள்களை ஒட்டவைத்து வீடு கட்டும் புழு ஒன்று உண்டு. எதிரெதிர் மின்னேற்றமுள்ள புரதங்களைத் தனித்தனியே சேமித்து, ஒட்டும் நேரத்தில் கலக்கிறது; அரை நிமிடத்தில் பிடித்துவிடும். யூட்டா பல்கலைக்கழகத்தின் ரஸல் ஸ்டூவர்ட் குழு அதைப் பின்பற்றிச் செயற்கைப் பசை செய்தது. 2025 செப்டம்பரில் சீனாவின் ஜெஜியாங் மருத்துவர்கள், சிப்பியிடம் கற்ற ‘போன்-02’ பசையை அறிவித்தார்கள். ரத்தத்துக்குள்ளேயே 2, 3 நிமிடத்தில் ஒட்டும், 6 மாதத்தில் உடலில் கரைந்துவிடும், 150 பேருக்கு மேல் சோதித்தாயிற்று என்றார்கள்.

என்னைக் கவர்வது அந்தக் கரைதல்தான். வரப்பில் சறுக்கி விழுந்தவரின் மணிக்கட்டில், திருகாணி ஏறாத சிறு சில்லுகளையும் பசை சேர்த்துவைக்க வேண்டும். பிறகு தானே விலகவும் வேண்டும். முந்திக் கரைந்தால் முறிவு நெகிழும். பிந்தினால் புது எலும்பு வளர இடமிருக்காது.