பூரணியும் போதும்பொண்ணும்

கதாநாயகிக்குப் பெயர் வைப்பது நாவலாசிரியனின் வேலைகளில் மிகச் சுலபமானது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அப்படியல்ல. வீட்டில் பிறக்கும் பெண்ணுக்குப் பெயர் வைக்கப் பாட்டி இருக்கிறாள், குலதெய்வம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. கதையில் பிறக்கும் பெண்ணுக்கோ எல்லாம் ஆசிரியன் ஒருவனே. அவன் வைக்கும் பெயர் சில சமயம் புத்தகத்தை விட்டு எழுந்து வந்து தொட்டிலில் படுத்துக்கொள்கிறது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் வானதிகளும் பூங்குழலிகளும் தமிழ் வீடுகளில் பெருகினார்கள். வானதி என்றால் வான் நதி, ஆகாய கங்கை. பூங்குழலி மலர் சூடிய கூந்தலை உடையவள். பெயரை வைத்த பெற்றோரில் எத்தனை பேர் அகராதியைப் பார்த்திருப்பார்கள்? அவர்கள் பார்த்தது கொடும்பாளூர் இளவரசியின் நாணத்தையும், ஓடக்காரப் பெண்ணின் துணிச்சலையும்தான். நா. பார்த்தசாரதி மணிவண்ணன் என்ற புனைபெயரில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ வந்தபோதும் இதுவே நடந்தது. பெண் குழந்தைக்குப் பூரணி என்றும் ஆணுக்கு அரவிந்தன் என்றும் பெயரிட்டு மகிழ்ந்த வாசகர்கள் பலர். பூரணி என்றால் நிறைந்தவள், குறைவில்லாதவள்.

இவை புத்தகத்திலிருந்து வீட்டுக்குப் போன பெயர்கள். வீட்டிலேயே பிறந்து, புத்தகத்துக்குள் எளிதில் இடம் கிடைக்காத பெயர்கள் வேறு உண்டு. அவற்றைக் கேட்கப் பெரியகுளம் பக்கம் போக வேண்டும்.

காமாட்சி என்பதை அபூர்வப் பெயர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பெரியகுளத்தை அடுத்த தேவதானப்பட்டியில் அது அபூர்வமாகிவிடுகிறது. அங்கே மஞ்சளாற்றின் கரையில் இருக்கும் மூங்கிலணைக் காமாட்சிக்கு விக்கிரகம் கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் பூஜை, தீபாராதனை எல்லாம். வெள்ளத்தில் வந்த மூங்கில் பெட்டி அணையாக நின்ற இடம் என்பது ஐதிகம். அந்தப் பக்கத்துக் காமாட்சி, காஞ்சியின் பெயரைச் சுமப்பவள் அல்ல. திறக்காத ஒரு கதவின் பெயரைச் சுமப்பவள். பேச்சியம்மாள் என்ற பெயரைக் கேட்டு, வாயாடி என்று பட்டணத்தார் சிரிக்கிறார்கள். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேய்ச்சி என்பதே பேச்சி ஆயிற்று. பிள்ளைப்பேற்றைக் காக்கும் தெய்வம் அவள். பிரசவத்துக்கு அஞ்சிய ஒரு தாயின் வேண்டுதல் அந்தப் பெயர்.

பிச்சம்மாள், குப்பம்மாள், தவிட்டம்மாள் என்பவையும் கேலிக்குரிய பெயர்களாகிவிட்டன. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். அல்லது பிறருக்குக் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். மதிப்பில்லாத பொருளை எமன் தொடமாட்டான் என்ற நம்பிக்கை. ஆகவே குப்பம்மாள் என்பது இழிவான பெயர் அல்ல. எப்படியாவது பிழைத்துக் கிடக்க வேண்டும் என்ற கதறல்.

ஆனால் எல்லாப் பெயருக்கும் இப்படி அன்பான விளக்கம் சொல்லிவிட முடியாது. தேனி, உசிலம்பட்டி வட்டாரங்களில் போதும்பொண்ணு என்ற பெயர் உண்டு. பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டில், இனி வேண்டாம், போதும் என்று தெய்வத்திடம் சொல்லி அனுப்பும் செய்தி அது. செய்தியைச் சுமந்து நடப்பவள் அந்தப் பெண். பூரணி என்றாலும் நிறைவு, போதும் என்றாலும் நிறைவு! அகராதியில் இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள். வாழ்க்கையில் அவற்றுக்கு இடையே எத்தனை தூரம்! ஒரு பெயரின் பொருள் அந்தச் சொல்லில் இல்லை, அதை வைத்த காரணத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இது நம் பக்கத்து வழக்கம் மட்டும் அல்ல. மராட்டியத்தில் நகோஷி, நகுசா என்று பெயர் வைப்பார்கள். வேண்டாதவள் என்று பொருள். 2011-இல் சாத்தாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் கொண்ட 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். நல்ல காரியம்தான்.

நாவலாசிரியனும் அதேபோலப் பெயரை மாற்றிவிடலாமா? கூடாது என்பது என் அபிப்பிராயம். வாழும் பெண்ணுக்குப் புதுப் பெயர் விடுதலை. கதைப் பெண்ணுக்கு அது பூசி மறைப்பது. தமிழ்க் கதைகளில் வெகுகாலமாக நடந்து வருவது இதுதான்: கிராமத்துக் கதாநாயகி என்றால் அவளுக்கு மலரும் நிலவும் கலந்த ஒரு பெயர், குப்பம்மாளும் பேச்சியும் பாத்திரம் தேய்க்கவும் சிரிப்பு மூட்டவும் வருவார்கள். இதற்கு விலக்காக நின்றவர்களைத்தான் காலம் நினைவில் வைத்திருக்கிறது. ஆர். ஷண்முகசுந்தரம் 1942-இல், நிலத்தில் தன் பங்கைக் கேட்டு நிற்கும் ஒரு கொங்கு நாட்டு விதவையைப் படைத்தபோது, நாகம்மாள் என்ற பெயரையே நாவலுக்கும் வைத்தார். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் நோயாளி மனைவிக்குக் கணவன் செய்யும் பணிவிடையில்தான் அந்தச் சாதாரணப் பெயருக்குப் பொருள் கிடைக்கிறது.

தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-இல் எடுத்த ‘கருத்தம்மா’ திரைப்படத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். பெண் சிசுக் கொலையைப் பற்றிய கதை. கறுப்பு என்று பட்டணம் ஒதுக்கும் நிறத்தையே பெயராகக் கொண்ட பெண்ணை நடுவில் நிறுத்தினார். அதே பெண்ணுக்கு வானதி என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் கதை செத்துப் போயிருக்கும்.

வானதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசைக்கும் கனவுக்கும் இலக்கியத்தில் இடம் உண்டு. ஆனால் பூரணியின் பெயரைத் தம் மகளுக்கு வைத்து மகிழ்ந்த வாசகர்கள், போதும்பொண்ணு என்ற கதாநாயகியையும் சிரிக்காமல் முதல் பக்கத்தில் வரவேற்க வேண்டும். அப்படி ஒரு நாவலை எழுத வேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது. அவளுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதே ஒரு முழு நாவலுக்குப் போதும்.