துள்ளும் கோடு

செக் எஞ்சின் விளக்கு எரிந்ததும் ஸ்கேனரைச் செருகி, வந்த எரரைப் படித்து, ‘ஆக்ஸிஜன் சென்சார் போச்சு’ என்று சொல்வது சுலபம். எங்கள் தெருமுனை ஷெட் அண்ணன் அப்படிச் சொல்பவர் அல்ல. முதலில் வண்டியைச் சூடேற விடுவார். 300 டிகிரியைத் தாண்டினால்தான் சென்சார் ஒழுங்காகப் பேசும். அதற்குள் சைலன்சர் குழாயின் இணைப்புகள் பக்கம் காதைக் கொடுத்து, ‘புஸ்... புஸ்’ என்று கசிகிறதா என்று கேட்பார். சென்சாருக்கு முன்னால் சின்ன விரிசல் இருந்து வெளிக்காற்று புகுந்தாலும், நல்ல சென்சார்கூடத் தப்புக்கணக்குச் சொல்லும்.

பிறகுதான் ஸ்கேனர் திரையில் சென்சாரின் கோட்டைப் பார்ப்பார். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும் கோடு அது. நல்ல சென்சாரின் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அத்தனை அழகு. என் வண்டியில் அது 0.2க்குப் பக்கத்தில் சோர்ந்து கிடந்தது. அண்ணன் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் கார்புரேட்டர் கிளீனரை ஒரே ஒரு பீச்சு பீச்சினார். கோடு சட்டென்று 0.9க்குத் துள்ளியது. “சென்சாருக்கு உயிர் இருக்கு தம்பி” என்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட முகத்தோடு. கிரீஸ் படிந்த விரல்கள் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், ஒரு வளைவில் நின்றன. நகம் நுழையும் அளவுக்கு அங்கே ஒரு வெடிப்பு.