குட்டி டர்ட் பைக்கும் நீலப் புகையும்

49 சிசி குட்டி டர்ட் பைக் நீலமாகப் புகை கக்கினால், எட்டிப் பார்த்தவுடன் “ரிங் போச்சு, போர் போடணும்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அதை விட்டுவிட்டு வராதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்பதல்ல. அவருக்குக் கை பழகியது ஃபோர் ஸ்ட்ரோக்கில். அந்த வண்டிகளில் இன்ஜின் ஆயில் அடியில் தனியாக நிற்கும். ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்தால் அது மேலேறி எரிந்து நீலப் புகையாகும். சீனாவிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் இந்த டூ ஸ்ட்ரோக் குட்டியில் அடியில் ஆயிலே கிடையாது. கிளட்ச்சும் ஆயிலில் ஊறாத உலர் கிளட்ச். இன்ஜினுக்குள் போகிற ஆயில் இருக்கும் ஒரே இடம் பெட்ரோல் டேங்க்தான். ரிங் தேய்ந்தால் இதில் கம்ப்ரஷன் குறையும், கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓயும். அதனால் மட்டும் நீலப் புகை வராது.

நான் பார்த்த வண்டி செம்மங்குப்பத்தில், கடலூர் – சிதம்பரம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் ஓடுகிறது. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அவன் மாமா ஆன்லைனில் ஆர்டர் போட்டது. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், கியர் இல்லை, கயிறு இழுத்து ஸ்டார்ட், பின் சக்கரத்துக்குச் செயின். ஹேண்டில்பாரையும் முன் சக்கரத்தையும் நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியோடு வந்த ஸ்பேனர்களை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். போல்ட்டின் முனையைத் தின்றுவிடும்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. மணலில் முன் சக்கரம் கொஞ்சம் அலைபாய்கிறது, பிரேக் கேபிள் தளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆக்சிலேட்டர் முழுதாகத் திரும்பாமல் தடுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. கற்றுக்கொள்ளும் பையனுக்கு அதை உள்ளே திருகி வைத்தே கொடுக்க வேண்டும். புகைதான் பிரச்சினை. ஸ்டார்ட் செய்த இடத்திலிருந்து கொல்லையின் மறுகோடி வரை வண்டி போன தடம் காற்றில் தெரிந்தது.

இந்த ஊரில் வாடையைப் பிரித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004-இலேயே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, எந்த வாடை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துவைத்தார்கள். வாளிக்குள் பிளாஸ்டிக் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். பையனின் ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “பெட்ரோல் வாடையே இல்லடா. எண்ண கருகுது.” அதற்குமேல் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

புகை கறுப்பாக, பெட்ரோல் நெடியோடு வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்: சோக் போட்டபடியே ஓடுகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் முதல் சில நிமிடம் நீலம் கலந்த வெள்ளைப் புகை வந்து, சூடானதும் மெலிந்தால் அது டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக்குணம், விட்டுவிடலாம். சூடான பிறகும் அடர்த்தியாக நீலம் வந்தால் டேங்கில் தப்பான ஆயில், அல்லது அளவுக்கு மீறிய ஆயில். கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலை விட்டாலும் கூடவே ஆயிலும் போகும் என்பதால் கறுப்பும் நீலமும் கலந்தும் வரலாம்.

சோக் லீவர் சரியாகவே இருந்தது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் செம்மண் அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் சங்கதி வெளியே வந்துவிட்டது. நன்றாக எரியும் இன்ஜினின் பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் உலர்ந்திருக்கும். இதில் கறுத்து, ஈரமாக, விரலில் வழுக்கியது. டேங்கில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அப்பாவின் பைக்குக்கு ஆயில் மாற்றியபோது மீந்த 20டபிள்யூ-40, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு “ஒரு டம்ளர்”.

ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் எரிந்து போவதற்காகச் செய்யப்பட்டதல்ல; மாதக்கணக்கில் எரியாமல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. டூ ஸ்ட்ரோக்குக்கு வேண்டியது பெட்ரோலோடு கரைந்து, உரசலைக் குறைத்துவிட்டு, மிச்சமில்லாமல் எரிகிற 2டி ஆயில். டப்பாவில் ஜேசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்டிருந்தால் புகை குறைந்த ரகம். வண்டியோடு வந்த காகிதத்தில் 25-க்கு 1 என்று இருக்கிறது, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி இரண்டு முறை இழுத்தால் கணக்கு முடிந்தது. டம்ளர், மூடி, கண்மதிப்பு எதுவும் வேண்டாம்.

கடலூர் ஓ.டி.யில் இதைக் கேட்ட வயதான மெக்கானிக் ஒருவர் சிரித்தார். 1980-இல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து ஊரே பங்கில் ஆயில் கலந்துதான் பெட்ரோல் போட்டது. 2015-இல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்த பிறகு வண்டிக்கு வந்தவர்களுக்குக் கலக்கும் பழக்கமே விட்டுப்போயிற்று. “கொறச்சு ஊத்தினா பொக நிக்கும்னு எவனாவது சொல்லுவான், கேக்காத தம்பி. பிஸ்டன் சீஸ் ஆயிடும்” என்றார். டூ ஸ்ட்ரோக்கில் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வேறு மசகு கிடையாது. கொஞ்சம் புகை தெரிவது நல்லது. திடீரென்று புகையே இல்லாமல் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால்தான் உடனே நிறுத்த வேண்டும்.

டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு, பிளக்கைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்கு வைத்து, புதுக் கலவை ஊற்றி இழுத்தோம். முன்பைவிட அதிகமாகப் புகைந்தது. இங்கேதான் பலர் கைவிட்டு இன்ஜினைப் பிரிக்கப் போகிறார்கள். சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்தால் காரணம் தெரியும்: எரியாத பழைய ஆயில் தார்போலத் திரண்டு உள்ளே ஒட்டியிருக்கிறது. சூடேறினால் அதுதான் புகையும். கம்பி விட்டுச் சுரண்டி, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டினோம். அதன்பிறகு கொல்லையைச் சுற்றச் சுற்றப் புகை மெலிந்துகொண்டே போய், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு மூச்சு வரும் அளவில் நின்றது.

பிராண்ட் பைக்குகள் வைத்திருப்போர் இதையே அப்படியே செய்ய வேண்டாம். யமஹா பிடபிள்யூ50-இல் 2டி ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். அதில் கியர் ஆயிலும் உண்டு என்பதால் கிராங்க் சீல் போனால் அதையும் உறிஞ்சிப் புகைக்கும். ஹோண்டா சிஆர்எஃப்50 ஃபோர் ஸ்ட்ரோக். வண்டி சாய்ந்து கிடந்து, நிமிர்த்தியதும் கொஞ்ச நேரம் புகைந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. தினமும் புகைந்தால் ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்கலாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடம், ஈ20 பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும்; நாள்பட நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பள்ளி திறந்து வண்டி ஓரங்கட்டப்படும்போது டேங்கை வடித்து, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அதை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு.

ஒன்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஐடிலிங் அதிகமாக வைத்திருந்தால், கிளட்ச் தானாகவே பிடித்துக் கயிறு இழுத்த நொடியில் வண்டி முன்னே பாயும். ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரம் சுற்றாமல் நிற்கும்வரை ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைத்த பிறகே பிள்ளையை ஏற்றுங்கள்.

வாங்கலாமா? சொந்தமாகக் கொல்லையோ தோப்போ இருந்து, டிவிஎஸ் 50 பார்த்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம். தெருவில் ஓட்டத்தான் என்றால் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 25 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் இருந்தாலே அது மோட்டார் வாகனம். 50 சிசிக்கும்கூடப் பதினாறு வயது ஆக வேண்டும். சிறுவர் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆறு வயதுக்குக் கீழென்றால் பேட்டரியில் ஓடும் குட்டி பைக் போதும். அதில் சுடும் சைலன்சர் கால் பக்கத்தில் இருக்காது.