சீசன் என்னும் பிரதி: கோப்பையும் நடு ஆட்டங்களும்

வீடியோ விளையாட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் பேச்சு எழுவது அபூர்வம். எழுந்தாலும் ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்ற முத்திரையோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. முத்திரை குத்துவதைத் தள்ளிவைத்துவிட்டு, அப்படியொரு விளையாட்டைப் பிரதியாக வாசித்தால் என்ன கிடைக்கிறது?

2021 அக்டோபரில் வெளியான ஃபிஃபா 22-இல்தான் இந்தியன் சூப்பர் லீக் முதன்முதலாக இடம்பெற்றது. அதன் ‘கேரியர் மோட்’ பகுதியில் ஆடுபவரே ஓர் அணியின் மேலாளர். சீசன் முழுவதையும் நாள்கணக்காக அவர் நடத்த வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், திருச்சி தில்லைநகரில் அக்கா வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து, சென்னையின் எஃப்.சி.யோடு ஒரு முழு சீசனை நான் ஆடி முடித்தேன்.

இங்கே ஒவ்வோர் ஆட்டக்காரனும் நூற்றுக்கு உட்பட்ட ஓர் எண். வேகம், உதை, பாஸ், ட்ரிப்ளிங், தடுப்பு, உடல்வலு என்று ஆறு தலைப்புகளில் உடல் கூறுபோடப்படுகிறது. ஐரோப்பிய நட்சத்திரங்கள் தொண்ணூறைத் தொட, நம் லீக்காரர்கள் பெரும்பாலும் ஐம்பது, அறுபதுகளில் நிற்கிறார்கள். அளக்கும் கண் எங்கே இருக்கிறது என்பது ஃபூக்கோவைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. என் அக்கறை வேறு: இந்தப் பிரதி காலத்தை என்ன செய்கிறது?

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் ஒரு தேர்வு உண்டு. நாமே ஆடலாம், அல்லது இயந்திரத்திடம் விட்டு முடிவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். “லீக் மேட்ச் எல்லாத்தையும் சிம் பண்ணிடுங்க மாமா, செமிஃபைனல் வந்தா ஆடிக்கலாம்” என்றான் அக்கா பையன். கோப்பைக் கதையாடலின் அரசியல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. முடிவு மட்டுமே அர்த்தம். நடுப்பகுதி வெறும் இடைவெளி.

பாதிக்கு 6 நிமிடம் என்று வைத்தால் இருபது ஆட்டங்களுக்கு நான்கு மணி நேரம். அணி ‘நம்ம டீம்’ ஆவது அந்த நான்கு மணி நேரத்தில்தான். 62 என்று குறிக்கப்பட்டவன் எந்தக் காலில் பந்தை வாங்குவான், எழுபதாவது நிமிடத்தில் எப்படித் தளர்வான் என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் பழகும். எண் கரைவதும் அப்போதுதான். சொர்க்கவாசல் திறக்கும் அன்று மட்டும் வந்துபோகும் கூட்டம் வேறு. பகல்பத்து, இராப்பத்து என்று நாள் தவறாமல் அரையர் சேவைக்கு நிற்பவர் வேறு. நான் பக்தியைப் பேசவில்லை, காலத்தைப் பேசுகிறேன்.

ஆனால் இந்தப் பிரதி மறைப்பதும் உண்டு. தொற்றுக்காலமான 2021-22 சீசன் முழுவதும் கோவாவிலேயே நடந்தது. லீக் ஆட்டங்களுக்குப் பார்வையாளர் இல்லை. மூடிய அரங்குகளில் ஆடிச் சென்னையின் எஃப்.சி. எட்டாம் இடத்தில் முடித்தது. விளையாட்டிலோ நிரம்பிய மாடங்கள், ஆரவாரம், ஆங்கில வர்ணனை! சென்னை நேரு அரங்கம் இல்லை, தமிழ்க் குரலும் இல்லை. அந்த வருஷம் அந்த ஆட்டக்காரர்களுக்கு எது வாய்க்கவில்லையோ, அதுவே நமக்கு ‘முழு சீசன்’ என்று விற்கப்பட்டது.

2025-இல் இந்த மறைப்பு வெளிப்படையாயிற்று. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் வணிக நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பது இழுபட, ஜூலையில் 2025-26 சீசனையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி.யும் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் நாட்காட்டி ஒருபோதும் இப்படி நிற்பதில்லை.

நின்றுபோனது ஏதோ ஓர் இறுதிப் போட்டி மட்டும் அல்ல. யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத நடு ஆட்டங்களும் அவற்றை நம்பிச் சம்பளம் வாங்கும் அந்த அறுபதுகளும் சேர்ந்தே நின்றுபோனார்கள். கோப்பையை யார் வென்றது என்று கேட்பதோடு நின்றுகொள்ளும் விமர்சனமும் ‘சிம்’ பொத்தானை அழுத்தும் விமர்சனம்தான். நடு ஆட்டங்களை ஆடும் உரிமை யாருக்கு, அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்றுதான் நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.